நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெயா?

போன பள்ளி விடுமுறையில் ரந்தாவ் பக்கம் உறவினர் வீட்டு விசேஷம். பந்தலுக்கு வெளியே நான்கு மாமாக்கள் ஒரு காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். வாங்கி மூன்று வருடம்கூட ஆகாத சின்னக் கார். எண்ணெய் ஊற்றும் மூடியின் மேலேயே 0டபிள்யூ-20 என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மூத்த மாமா சொன்னார்: "இதெல்லாம் ஜப்பான்காரன் அவன் ஊர்க் குளிருக்குப் போட்ட கணக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு இது தண்ணி மாதிரி ஓடிடும். 20-50 ஊத்துடா, இஞ்சின் சத்தமே கேக்காது." மற்ற மூவரும் தலையாட்டினார்கள். காரின் சொந்தக்காரன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையன். இன்னும் ஆறு வருடத் தவணை பாக்கி. அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே, நீங்க சொல்லுங்க" என்றான்.

பந்தலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. சாப்பாடும் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கார் இருக்கும். அதற்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்ய அப்பாவோ அண்ணனோ யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா சொன்னது தவறு. ஆனால் அது அனுபவம் உள்ளவர் செய்கிற தவறு. அது எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க உங்கள் அறிவியல் பாடமே போதும்.

போத்தலில் உள்ள எண்களைப் பலர் எண்ணெயின் 'எடை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த இஞ்சின் எண்ணெயை எடுத்துத் தராசில் வைத்தாலும் ஒரு லிட்டர் ஏறக்குறைய 0.85 முதல் 0.89 கிலோவுக்குள்தான் இருக்கும். அந்த எண் சொல்வது எண்ணெய் எவ்வளவு தயங்கி ஓடும் என்பதை. இதற்குப் பாகுநிலை என்று பெயர், மலாயில் கெலிக்காத்தான். தேங்காய் எண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கரண்டியில் ஊற்றிப் பாருங்கள். எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்று வழிந்து ஓடும், மற்றது நின்று யோசித்துக் கீழே இறங்கும். (மந்தமான பையனை 'விளக்கெண்ணெய்' என்று திட்டுவது நம் ஊர் வழக்கம். அந்த விளக்கெண்ணெயைப் பந்தயக் கார்களுக்கு ஊற்றிய காலமும் இருந்தது. காஸ்ட்ரோல் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.)

உங்கள் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது இரண்டு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்து, கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று பார்ப்பார் அல்லவா? அமெரிக்காவில் மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். 1911-இல் இஞ்சின் எண்ணெய்க்குப் 'பதம்' பிரித்து எண் கொடுத்தார்கள். போத்தலில் எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகள் அந்தச் சங்கத்தின் சுருக்கப் பெயர். விரலுக்குப் பதில் கருவி, அம்மாவின் கண்ணுக்குப் பதில் வெப்பமானி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது 20டபிள்யூ-50 என்பதைப் பிரித்துப் பார்ப்போம். இதில் இரண்டு தேர்வு முடிவுகள் இருக்கின்றன. முதல் எண்ணோடு ஒட்டியுள்ள டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. உறைகுளிரில் எண்ணெய் எவ்வளவு இறுகுகிறது, இஞ்சினைச் சுழற்ற விடுகிறதா என்ற தேர்வு அது. 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் சோதிப்பார்கள், 5டபிள்யூ-வை மைனஸ் 30-இல், 10டபிள்யூ-வை மைனஸ் 25-இல். இப்படியே ஐந்தைந்து டிகிரியாக ஏறி, கடைசி மாணவனான 25டபிள்யூ மைனஸ் 10-இல் தேர்வு எழுதும். எண் சிறிதாக ஆக ஆக, கடுங்குளிரிலும் ஓடும்.

நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை என்ன தெரியுமா? கேமரன் மலையில், 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, 7.8 டிகிரி. பூஜ்யத்துக்கு மேலே! கடைசி மாணவனான 25டபிள்யூ-கூட அதைவிடப் பதினெட்டு டிகிரி கீழே தேறிவிட்டான். சிரம்பானிலும் பகாவிலும் விடியற்காலையில் 23, 24 டிகிரி. ஆகவே முதல் எண்ணைப் பற்றி மாமா அலட்சியமாகப் பேசியதில் நியாயம் இருக்கிறது. குளிரில் இஞ்சின் சுழலாமல் நிற்கும் ஆபத்து நமக்கு இல்லை.

அவர் தவறியது இரண்டாம் எண்ணில். 50 என்பது 100 டிகிரி செல்சியஸில் நடக்கும் தேர்வு. அந்தச் சூட்டில் எண்ணெயின் பாகுநிலையை சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு இது ஏறக்குறைய 1. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 வரை இருந்தால் அந்த எண்ணெய் 20-ஆம் பதம். 9.3 முதல் 12.5 வரை 30. அங்கிருந்து 16.3 வரை 40. அதற்கு மேல் 21.9 வரை 50. இதில் வெயிலைப் பற்றி எங்கேயாவது பேச்சு இருக்கிறதா?

இஞ்சினுக்கு வெயில் தெரியாது. தெரிந்தாலும் கொஞ்சம்தான். சிலிண்டருக்குள் எரியும் பெட்ரோலின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதற்கு முன்னால் போர்ட்டிக்சன் கடற்கரை வெயில் எம்மாத்திரம்? காரில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு இருக்கிறது. குளிர்நீர் ஏறக்குறைய 90 டிகிரிக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்குப் போக விடாது. வந்த பிறகு திறந்துவிடும். பனி கொட்டும் பின்லாந்தில் ஓடும் காரிலும் நீலாயில் ஓடும் காரிலும் அந்தக் கதவு திறக்கும் சூடு ஒன்றுதான். எண்ணெயும் அதை ஒட்டியே 90, 100, 110 என்று நிற்கும். ஜப்பான்காரரின் கணக்கு வெளிக் குளிருக்குப் போட்டது இல்லை. இஞ்சினுக்கு உள்ளே உள்ள சூட்டுக்குப் போட்டது.

இனி, பந்தலில் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். எந்த எண்ணெயும் சூடாக ஆக இளகும், ஆற ஆற இறுகும். எவ்வளவு என்பதில்தான் ஆச்சரியம். 'தண்ணி மாதிரி' என்று மாமா சொன்ன 0டபிள்யூ-20 எண்ணெய், காலையில் 27 டிகிரியில் ஏறக்குறைய 65 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். அவர் புகழ்ந்த 20டபிள்யூ-50 எண்ணெய், ஓடிச் சூடான இஞ்சினில் 100 டிகிரியில் ஏறக்குறைய 18. திரும்பவும் படியுங்கள். காலையில் ஆறிக் கிடக்கும் 'தண்ணி' எண்ணெய், ஓடும் இஞ்சினில் உள்ள 'கெட்டி' எண்ணெயைவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. நம் ஊர்க் காலைப் பொழுதில் எந்த எண்ணெயும் இஞ்சினுக்குத் தேவையான பதத்தைவிடக் கெட்டியாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் 20டபிள்யூ-50 முந்நூறு சென்டிஸ்டோக்ஸையும் தாண்டி நிற்கும். பம்பு அதைத் தள்ளத்தான் செய்யும், கார் கிளம்பத்தான் செய்யும். ஆனால் தள்ளுவதற்கான செலவு பெட்ரோல் தொட்டியிலிருந்து போகிறது. மேலே உள்ள கேம் தண்டுக்கு எண்ணெய் போய்ச் சேரவும் சற்று நேரம் பிடிக்கிறது.

"சரி சார், காலை ஐந்து நிமிஷத்தை விடுங்கள். சூடான பிறகு கெட்டியாக இருப்பது நல்லதுதானே?" என்று என் நான்காம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பதிலுக்கு 140 வருடம் பின்னால் போக வேண்டும்.

1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டியின் அச்சு பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழல ஆரம்பித்ததும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியாக வெளியே பொங்கியது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். சுழலும் அச்சு அந்தக் கட்டையையும் பிதுக்கி வெளியே தள்ளியது! அப்போதுதான் புரிந்தது. அச்சு உலோகத்தின் மேல் உட்காரவே இல்லை. சுழற்சி எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் சென்று ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த அழுத்தத்தில் அச்சு மிதக்கிறது. மழையில் வேகமாகப் போகும் கார் டயர் சாலையை விட்டுத் தண்ணீர் மேல் மிதந்து வழுக்குவதும் இதே கதைதான். மூன்று வருடம் கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

உங்கள் கார் இஞ்சினில் கிராங்க் தண்டும் இப்படித்தான் மிதக்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. நம் தலைமுடியைக்கூட நுழைக்க முடியாது. அந்த இடைவெளியையும், தண்டின் அகலத்தையும், பரப்பின் வழவழப்பையும், பம்பின் பலத்தையும் பொறியாளர் ஒரு குறிப்பிட்ட பதத்து எண்ணெயை மனத்தில் வைத்துத்தான் தீர்மானிக்கிறார். அதைவிடக் கெட்டியாக ஊற்றினால் படலம் தடிக்கும், உண்மைதான். கூடவே உராய்வு கூடும், அந்த உராய்வால் எண்ணெய் கூடுதலாகச் சூடேறும், இடைவெளி வழியாக ஓடிச் சூட்டை எடுத்துச் செல்லும் எண்ணெயின் அளவு குறையும். எண்ணெயின் வேலை வழுக்குவது மட்டும் இல்லை, குளிர்விப்பதும்தான். அதோடு, இன்றைய கார்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. மைவி காரின் பின்னால் டி.வி.வி.டி. என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அதன் எண்ணெய் வழிகள் ஊசித் துளை அளவு. அங்கே கெட்டி எண்ணெய் விளக்கெண்ணெயாகத்தான் நடந்துகொள்ளும்.

மாமாவுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்தில் ஓடியவை டிராக்டரும் டீசல் லாரியும். அவற்றுக்கு 40 என்ற ஒற்றை எண் எண்ணெய்தான் பீப்பாயில் வரும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா மிட்சுபிஷி இஞ்சினோடு ஓடியது. 1994-இல் கஞ்சில் வந்தது. இவற்றின் காலத்தில் கடையில் கைக்கு எட்டிய போத்தல் பெரும்பாலும் 20டபிள்யூ-50 தான். தாராளமான இடைவெளி கொண்ட அந்த இஞ்சின்களுக்கு அது ஒத்துப்போனது. இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகு இன்னும் நன்றாகவே ஒத்துப்போனது. அவர் கண்ணால் பார்த்தது உண்மை. 'பழைய இஞ்சினுக்கு' என்பது நாளடைவில் 'நம்ம ஊரு வெயிலுக்கு' என்று மாறிப்போனதுதான் பிசகு.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 0டபிள்யூ-20 தான் நவீனம், விலையும் கூடுதல், ஆகவே சிறந்தது என்று நினைத்துத் தாத்தாவின் பழைய சாகாவில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பேரிங்கும் பிஸ்டன் வளையமும் அந்தப் பதத்துக்குச் செய்யப்படவே இல்லை. எண்ணெய் வளையத்தைத் தாண்டி எரியும், அழுத்தம் குறையும். விலை உயர்ந்த மருந்து எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

நேர்மையாக இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். கையேட்டில் உள்ள எண் வேதவாக்கு இல்லை. ஒரே இஞ்சினுக்கு அமெரிக்காவில் மெல்லிய எண்ணெய் ஒன்றை மட்டும் சொல்லும் நிறுவனம், வேறு நாட்டுக் கையேட்டில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 வரைக்கும் இடம் கொடுப்பதுண்டு. அமெரிக்காவில் 1975 முதல் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் இருக்கிறது. மெல்லிய எண்ணெய் கொஞ்சம் பெட்ரோலை மிச்சப்படுத்தும். அந்தக் கொஞ்சம் நிறுவனத்துக்குப் பெரிது. ஆகவே மூடியில் அச்சிட்ட எண்ணில் பொறியியலோடு சட்டமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். வீட்டில் காரின் கையேட்டைத் தேடி எடுங்கள். கையுறைப் பெட்டிக்குள் நெகிழிப் பையோடு கிடக்கும், யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். எண்ணெய்ப் பக்கத்தில் ஒரே எண் இருந்தால் அதையே வாங்குங்கள். ஒரு வரிசை இருந்தால், அந்த வரிசைக்குள் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. குடும்பமே ஏறி, மூட்டை முடிச்சோடு அடிக்கடி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் போகிற, வயதான கார் என்றால் வரிசையின் கெட்டியான முனையை எடுக்கலாம். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போகிற கார் என்றால் மெல்லிய முனை. வரிசைக்கு வெளியே போவதற்குத்தான் வெயிலைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்கிறேன்.

புக்கிட் புத்துஸ் என்றதும் அப்பாவின் கார் ஞாபகம் வருகிறது.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது, சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய அன்று இஞ்சின் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. முதல் தடவை எண்ணெய் மாற்றியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி சத்தம், பின்னால் நீலப் புகை. விற்றவர் தேய்ந்த இஞ்சினில் மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது. பழைய கார் வாங்கும்போது அளவுக்கு மீறிய அமைதியையும் சந்தேகப்படுங்கள். எண்ணெய்க் கம்பியை உருவி விரலில் தொட்டு, கம்பிப் பதம் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டில் ஒரே விவாதம். "இன்னும் கெட்டியா ஊத்துங்க மச்சான்" என்றார் ஒருவர். "மெல்லிசா ஊத்தினாதான் கரி கழுவிப் போகும்" என்றார் இன்னொருவர். பட்டறைக்குப் பட்டறை ஓர் எண். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன்; நானும் படித்ததை வைத்து ஓர் எண் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலப்பிலா போகும் வழியில், ஏற்றத்தின் பாதியில், இஞ்சின் ஒரு கனத்த சத்தத்தோடு நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போன பட்டறையில் போமன் செய்த முதல் வேலை கம்பியை உருவிப் பார்த்தது. காய்ந்து போயிருந்தது. "எண்ணெயே இல்ல ஐயா. கெட்டியா, மெல்லிசான்னு அப்புறம் பேசலாம்" என்றார்.

புகையாக எரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. ஒரு வருடம் எண்ணைப் பற்றி வாதாடிய எங்களில் ஒருவரும் அளவைப் பார்க்கவில்லை. மாற்று இஞ்சின் போட மிச்சமிருந்த சேமநிதிப் பணம் போயிற்று. அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சின்னக் கார்களில் மொத்த எண்ணெயே மூன்று லிட்டர் அளவுதான். கம்பியில் உள்ள மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். கீழ்க் கோட்டுக்குக் கீழே போய்விட்டால், 0டபிள்யூ-20 ஆனாலும் 20டபிள்யூ-50 ஆனாலும் பம்பு வளைவில் காற்றைத்தான் உறிஞ்சும். காலையில் காரைக் கிளப்பும் முன், சமதரையில், கம்பியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி உருவிப் பாருங்கள். அரை நிமிட வேலை. வீட்டில் யாரும் செய்யாவிட்டால் நீங்கள் செய்யுங்கள். இதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் போத்தலில் இன்னோர் அடையாளமும் இருக்கும். ஏ.பி.ஐ. என்று எழுதி, எஸ் என்ற எழுத்தோடு இன்னோர் எழுத்து. இரண்டாம் எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போக எண்ணெய் புதிய தரத்தைச் சேர்ந்தது. எஸ்.பி. 2020-இல் வந்தது. எஸ்.எஃப். என்று போட்ட மலிவுப் போத்தல்களைச் சில கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். அது 1988-க்கும் அதற்கு முந்திய இஞ்சின்களுக்குமான தரம். பதம் சரியாக இருந்து தரம் பழையதாக இருந்தாலும் பயனில்லை.

பதினாறு வயதாகி காப்சாய் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மிச்சமான கார் எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். அதில் இஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. உராய்வைக் குறைக்கக் கார் எண்ணெயில் சேர்க்கும் சில பொருள்கள் கிளட்சை வழுக்க வைத்துவிடும். ஜாசோ எம்.ஏ. என்று போட்ட போத்தல்தான் அதற்கு.

கடைசியாக ஒரு சோதனை. நான் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு செய்தது. தெரிந்த போமனிடம் கேட்டு, காலியான 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போத்தல்களின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயைச் சேகரியுங்கள். ஒரே அளவான இரண்டு சின்னக் கண்ணாடி மருந்துப் போத்தல்களில் தனித்தனியாக ஊற்றி, மேலே நகக்கண் அளவு காற்று விட்டு இறுக மூடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்துக் காற்றுக் குமிழ் மேலே ஏறும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்து எழுதுங்கள். 20டபிள்யூ-50 வெகுவாகப் பின்தங்கும், மாமா மகிழ்வார். இப்போது 20டபிள்யூ-50 போத்தலை மட்டும் தேநீர்ச் சூட்டு வெந்நீர்க் குவளையில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, துணியால் பிடித்து, மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் வெந்நீரில் இருந்த 'கெட்டி' எண்ணெயின் குமிழ்தான் முதலில் மேலே வந்தது. இஞ்சினோ அந்த வெந்நீரைவிடச் சூடு. எண்ணெயை அடுப்பில் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

குளிர்பக்கத்துத் தேர்வையும் பார்க்க ஆசையா? சமையலறையில் உள்ள செம்பனை எண்ணெயைக் கொஞ்சம் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அது கலங்கி, இறுகி நிற்கும். சுற்றியுள்ள தோட்டங்களில் விளையும் எண்ணெய்க்கு நான்கு டிகிரியே தாங்கவில்லை. மைனஸ் 35-இல் ஓடும் எண்ணெயைச் செய்வது எவ்வளவு கடினம் என்று அந்தப் போத்தலைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

சோதனை முடிந்ததும் எண்ணெயைக் கால்வாயில் கொட்ட வேண்டாம். அது லிங்கி ஆற்றுக்குத்தான் போகும். பயன்படுத்திய எண்ணெய் நம் சட்டத்தில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண் கொண்ட அபாயக் கழிவு. போமனிடமே திருப்பிக் கொடுங்கள், அவருடைய பீப்பாயில் சேர்ந்துவிடும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அந்தப் பையன் 0டபிள்யூ-20 எண்ணெயையே வாங்கினான் என்று பிறகு தொலைபேசியில் சொன்னான். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். இரண்டு மருந்துப் போத்தல்களையும் ஒரு வெந்நீர்க் குடுவையையும் காரில் வைத்திருக்கிறேன். அடுத்த விசேஷம் தை மாதத்தில்.